பால் வடியும் இரண்டு மரங்கள்

தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, முகூர்த்தக்கால் வெட்டுவதைப் பார்க்க நானும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இட்டேரி ஓரமாக ஒரு வெட்பாலை நின்றது. மூன்று கவர் உள்ள கிளையாகப் பார்த்து, கொங்குக் கல்யாணங்களில் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் அரிவாளைப் போட்டார். வெட்டுவாயில் பால் முத்துமுத்தாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, அவர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. பால் காய்வதற்குள் கொம்பைப் பந்தலில் சேர்த்துவிட வேண்டும் என்பதுபோல எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

கொம்பைக் கழுவி, மஞ்சள் பூசி, நவதானியத்தை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து அதில் கட்டினார்கள். பந்தலுக்குள் குழி தோண்டி நட்டார்கள். வாழ்வரசிகள் மூன்று பேர் குழியில் பாலும் நீரும் விட்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. கண்ணில் படுவதற்கெல்லாம் காரணம் கேட்கும் வயது. "எதுக்குங்க பாலைக் கொம்பு?" என்று அருமைக்காரரைக் கேட்டேன். "பால் இருக்கற மரமாத்தான் நடோணும் அம்முணி, அதான் முறை" என்றார். பெரியம்மாவைக் கேட்டேன். "பால் பொங்கற மாதிரி குடும்பம் பெருகோணும்னு" என்றார். அப்பா, "பெரியவங்க வச்சது, நாம மாத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டு வாழைமரம் கட்டுகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்பக்கம் பொடக்காலிக்குப் போனேன். அங்கே அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அதையே கேட்டேன்.

"பொறக்கற புள்ளைக்குப் பால் வத்தக் கூடாதல்ல, அதுக்குத்தான்" என்றார், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் தங்கை எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். அந்த நாலு மாதமும் வெள்ளாட்டுப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, சங்கில் புகட்டிக் காப்பாற்றியது அம்மாயிதான். அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பால்மரக் கொம்பு நடுகிறார்கள், அவர் பொடக்காலியில் இருக்கிறார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அப்புச்சி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அம்மாயி வெள்ளைச் சேலையில் இருந்தார். பந்தல் பக்கம் எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது என்பது அவர் உடம்புக்கே தெரிந்திருந்தது.

அன்று எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கோபத்தை எங்கே வைத்து யோசிப்பது என்று தெரிய இன்னும் மூன்று வருடம் ஆயிற்று.

*

சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். முதல் கட்டுரையிலேயே 'பால் மரம்' என்ற சொல் கண்ணில் பட்டது. விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர் 1967-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு அது. ஆப்பிரிக்காவில் இண்டெம்பு என்னும் மக்களுடைய சடங்குகளைப் பற்றியது. நூலகம் மூடும்வரை அங்கேயே நின்றுகொண்டு படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று நூலகம் மூடும்வரை நின்றுகொண்டேதான் படித்தேன்.

இண்டெம்பு மக்கள் வாழ்வது இன்றைய சாம்பியாவின் வடமேற்கு மூலையில், முவினிலுங்கா வட்டாரத்தில். சாம்பேசி ஆறு பிறக்கும் இடமும் அந்தப் பக்கம்தான். 1964-இல் விடுதலை அடையும்வரை அது வடக்கு ரொடீசியா என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. மரவள்ளி பயிரிட்டு, காட்டில் வேட்டையாடி வாழ்ந்த மக்கள். பிள்ளைகள் தாய்வழியைச் சேர்ந்தவர்கள். ஆனால் கல்யாணமானால் பெண் கணவன் ஊருக்குப் போய்விட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. வம்சம் தாயின் பேரில் ஓடுகிறது, தாயோ வேறு ஊரில் இருக்கிறாள். அவளுடைய அண்ணன் தம்பிகளுக்குத் தங்கள் ஊர் தழைக்க அவள் பிள்ளைகள் வேண்டும். கணவனுக்கும் தன் ஊரில் ஆள் வேண்டும். மணமுறிவு அங்கே சகஜம், ஊர்கள் உடைந்து பிரிவதும் சகஜம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மரத்தடிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

டர்னர் 1920-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தாயார் நாடக நடிகை. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளை அப்புறப்படுத்தும் வேலையில் இருந்தார். மனைவி ஈடித்தோடும் குழந்தைகளோடும் நாடோடிகளின் வண்டி வீடு ஒன்றில் குடியிருந்தபோது, பக்கத்து ஊர்ப் பொது நூலகத்தில் எடுத்துப் படித்த மானுடவியல் புத்தகங்கள்தான் அவரை இலக்கியப் படிப்பிலிருந்து இந்தப் பக்கம் திருப்பின. பிறகு மான்செஸ்டரில் மாக்ஸ் குளுக்மனின் மாணவரானார். 1950-இல் ஆப்பிரிக்கா போனார். 1954 வரைக்கும், நடுவில் ஓர் இடைவெளி விட்டு, குடும்பத்தோடு அந்த ஊர்களில் தங்கினார்.

போன புதிதில் அவர் செய்ததெல்லாம் கணக்கெடுப்பு. யார் யாருக்கு என்ன உறவு, ஊரில் எத்தனை குடிசை, எத்தனை மணமுறிவு. ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. அப்போதெல்லாம் அவருடைய கூடாரத்துக்குப் பக்கத்திலேயே எங்காவது சடங்குப் பறை அதிர்ந்துகொண்டிருக்கும். கூட இருந்தவர்கள் திடீர் திடீரென்று இரண்டு மூன்று நாள் காணாமல் போய்விட்டுத் திரும்புவார்கள். ஊரைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருந்தும் தான் வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதாகவே அவருக்குப் பட்டது. கடைசியில் அந்தப் பறைச் சத்தத்தின் பின்னால் போனார். அவர் போனது பாதி இடத்துக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களின் சடங்குகளைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி ஈடித் பெண்களோடு உட்கார்ந்து கேட்டது, பார்த்தது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

*

அந்தச் சடங்கின் பெயர் இங்காங்கா. பெண் பிள்ளைக்கு மார்பு அரும்பத் தொடங்கும் பருவத்தில் செய்வது. முதல் மாதவிலக்குக்காக அவர்கள் காத்திருப்பதில்லை. ஊருக்கு வெளியே ஓர் இளம் முட்யி மரத்தடியில் அந்தப் பெண்ணைப் போர்வையால் முழுக்கச் சுற்றிக் கிடத்துவார்கள். முட்யியின் மெல்லிய பட்டையை நகத்தால் கீறினாலே வெள்ளைப் பால் மணிமணியாக வரும். பகல் முழுக்க அவள் அசையக் கூடாது. பெண்கள் அவளையும் மரத்தையும் சுற்றி வட்டமாக ஆடிப் பாடுவார்கள். ஆண்களைக் கிண்டல் செய்யும் பாட்டுகளும் உண்டு. ஆண்கள் அந்த வட்டத்தில் சேர முடியாது.

இதைப் படித்தபோது நான் பெரியவளானபோது செய்த தெரட்டிச் சீர் ஞாபகம் வந்தது. பதின்மூன்று வயதில், மாமா கொண்டுவந்த பச்சைத் தென்னோலைத் தடுப்புக்குள் தனித் தட்டு, தனிப் பாய் என்று உட்கார்ந்திருந்த நாட்கள். எல்லோரும் என்னைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன். உன் உடம்பில் நடந்தது ஊருக்கே விசேஷம், ஆனால் அதில் நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த அசைவின்மை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முட்யி எதைக் குறிக்கிறது என்று இண்டெம்பு மக்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். முதலில் தாய்ப்பால், பால் கொடுக்கும் மார்பு. அப்புறம் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பு. அப்புறம் தாய்வழி. எங்கள் மூதாய் இந்த மரத்தடியில்தான் படுத்தாள், அவளுக்குப் பின் அவள் மகள், பிறகு எங்கள் பாட்டி, பிறகு எங்கள் அம்மா, பிறகு நாங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அப்படியே விரிந்து விரிந்து, கடைசியில் அது இண்டெம்பு மக்கள் மொத்தமும், அவர்களுடைய வழக்கம் மொத்தமும் ஆகிவிடுகிறது. நாலெழுத்துப் படித்த ஒருவர் டர்னரிடம், அரசாங்க அலுவலகத்தின் மேல் பறக்கிறதே பிரிட்டிஷ் கொடி, அதுபோல முட்யி எங்கள் கொடி என்றார்.

எல்லாம் ஒற்றுமை. எல்லாம் பாசம். சரி, மரத்தடியில் என்ன நடக்கிறது?

ஆடுகிற பெண்களின் வட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் இடம் இல்லை. அந்தப் பெண்ணைப் பெற்ற தாய். தாய்-மகள் பிணைப்பின் மரம் என்று சொல்லிக்கொண்டே, தாயைத் தள்ளி நிறுத்தி, மகளை எடுத்துக்கொள்கிறார்கள். இன்று முதல் இவள் உன் குழந்தை இல்லை, எங்களில் ஒருத்தி. பிறகு மகள் தனித்து வைக்கப்படும் காலத்தில் தாயும் மகளும் தங்கள் துணியில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறார்கள். செத்துப்போனவர்களின் துணியில் ஒரு துண்டை எடுத்து அணிவது இண்டெம்புவில் துக்கம் காப்பவர்களின் வழக்கம். இதுவும் ஒருவகைத் துக்கமாக இருக்கலாம் என்கிறார் டர்னர்.

அன்று விருந்துக்கு மரவள்ளியும் அவரையும் சமைப்பவள் அந்தத் தாய்தான். பெண்கள் ஊர் ஊராகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் எழுந்து மரத்தை வலம் வருவார்கள். கடைசியாக வருபவள் தாய். கையில் பெரிய கரண்டி, அதில் மரவள்ளியும் அவரையும். திடீரென்று, இது யாருக்கு வேண்டும் என்று கூவுவாள். எல்லாப் பெண்களும் முண்டியடித்து அந்தக் கரண்டியைப் பிடுங்கப் பாய்வார்கள். அந்தக் கரண்டி, வாழ்க்கைப்படப் போகும் அந்த மகளேதான். அதிலுள்ள உணவு அவள் பெறப்போகும் பிள்ளைகளும் அவள் சமைக்கப்போகும் சோறும். சொந்த ஊர்க்காரி கைக்குக் கரண்டி போனால் நல்லது. வேறு ஊர்க்காரி பிடுங்கிவிட்டால், மகள் தூரத்து ஊருக்குப் போய் அங்கேயே செத்துப்போவாள் என்று தாய் பயப்படுவாள் என ஒரு பெண் ஈடித்திடம் சொல்லியிருக்கிறாள். மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் தாயின் ஆசை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளில் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பியதும், அழாமல் எச்சில் இலைகளை எண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் முகம்.

*

டர்னர் இதிலிருந்து எடுத்த பாடம் ஆராய்ச்சி உலகத்தில் பெரிய சண்டைக்கு நடுவில் வந்து விழுந்தது. அந்தக் காலத்தில் எஸ். எஃப். நாடெல் போன்ற பெரிய ஆய்வாளர்கள், மக்களுக்கே விளங்காத குறியீட்டுக்கு ஆராய்ச்சியில் இடமில்லை என்று வாதிட்டார்கள். மோனிகா வில்சன் அந்த மக்கள் தரும் விளக்கத்தையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்றார். வெளியூர்க்காரர் வந்து தன் மனதில் தோன்றியதை எல்லாம் அடுத்தவர் சடங்கின் மேல் ஏற்றி எழுதிவிடக் கூடாதே என்ற நியாயமான பயம் அதன் பின்னால் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். நம் சடங்குகளுக்கு 'அறிவியல் விளக்கம்' கொடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் நன்றாகப் புரியும். தோரணத்துக்கும் கோலத்துக்கும் யாரோ வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்த காரணங்கள் அவை. தோரணம் கட்டுகிற கை அதை நினைப்பதே இல்லை.

டர்னர் சொன்னது இது: ஒரு குறியீட்டை மூன்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மக்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள், அப்போது யார் கூட நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை, முகம் எப்படி இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். அந்தச் சடங்கிலும் மற்றச் சடங்குகளிலும் வேறு எந்தெந்தப் பொருள்களோடு அது சேர்ந்து வருகிறது என்பது மூன்றாவது. தாய் வட்டத்துக்கு வெளியே நிற்பதை இண்டெம்பு மக்கள் யாருமே விளக்கம் சொல்லும்போது குறிப்பிடவில்லை. அவர்கள் மறைக்கவில்லை. மரத்தடியில் நிற்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஒற்றுமைதான் தெரியும், தெரிய வேண்டும். பிரிவு அவர்கள் வாயில் இல்லை, அவர்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இதைப் படித்ததும் பந்தலில் நான் கேட்ட கேள்வி எவ்வளவு குறைவானது என்று தெரிந்தது. நான் எல்லோரையும் 'எதுக்கு?' என்றுதான் கேட்டேன். 'யார் இங்கே இல்லை?' என்று கேட்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்கு முக்கியம். நல்ல குறியீட்டுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனை உடம்பில் இருக்கிறது: பால், ரத்தம், பிறப்பு, சாவு. குழந்தைக்கும் தெரிந்தது, தொட்டால் சிலிர்ப்பது. மற்ற முனை சட்டத்தில் இருக்கிறது: வம்சம், முறை, யார் யாருக்கு அடங்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும். சடங்கு உச்சத்துக்குப் போகும்போது, பறையும் பாட்டும் கூட்டமும் சேர்ந்து, அந்த முனையின் சிலிர்ப்பை இந்த முனைக்குக் கடத்திவிடுகின்றன. கட்டாயமாக இருந்தது ஆசையாகிவிடுகிறது. அம்மாயியை யாரும் தடுக்காமலேயே அவர் பொடக்காலியில் உட்கார்ந்திருந்தது எப்படி என்று எனக்கு விளங்கியது இங்கேதான். பேத்திக்குப் பால் வற்றக் கூடாது என்கிற அவருடைய ஆசைதான் அவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தியது. விரட்டியிருந்தால்கூட எதிர்த்திருப்பார். அன்பை எப்படி எதிர்ப்பது?

ஆனால் இரண்டு மரத்தடியையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். இண்டெம்புத் தாயை வட்டத்திலிருந்து தள்ளினாலும் அன்றைக்கே கையில் கரண்டியைக் கொடுத்து அழைத்துவிடுகிறார்கள். அவள் கூவினால்தான் விருந்து. அவளுடைய பிரிவுக்கும் பயத்துக்கும் சடங்கிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பந்தலில் அம்மாயிக்குக் கரண்டி கிடையாது. அவர் வெளியே போனது போனதுதான். அவர் உரித்த வெங்காயம் மட்டும் சாம்பாரில் உள்ளே வரலாம். இது வேறுபாடு மட்டும் இல்லை, கொடுமை. ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சொல்லைத் தவிர்ப்பார்கள், நான் தவிர்க்கத் தேவையில்லை.

*

இந்த இரண்டு மரத்துக்கும் உள்ள தொடர்பு என் கற்பனையோ என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. தாவரவியல் படித்த தோழி ஒருத்தியிடம் முட்யியின் அறிவியல் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். முட்யியும் நம் வெட்பாலையும் ஒரே குடும்பம் என்றாள். அரளியும் அதே குடும்பம்தான். கண்டம் விட்டுக் கண்டம் அந்தப் பாலைப் பார்த்தவர்களுக்கு ஒரே நினைப்பு வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கீறினால் பால் சொட்டும் மரத்தைப் பார்த்து வேறு என்ன நினைக்க முடியும்?

இன்னொரு தொடர்பு இன்னும் நேரானது. டர்னர் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்ற மூன்று நிறங்களையும் பற்றி நீளமாக எழுதியவர். அவை உடம்பிலிருந்து வருபவை, பாலும் ரத்தமும் கழிவும்தான் மனிதனுக்கு முதல் நிறங்கள் என்பது அவர் கருத்து. அதைப் படித்துவிட்டு, எங்கள் பக்கத்துச் சடங்குகளை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தவர் பிரெண்டா பெக். 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இரண்டு வருடம் தங்கி, கொங்கு நாட்டு வாழ்க்கையை ஊர், சாதி, சீர், பாட்டு என்று ஒன்று விடாமல் பதிவு செய்தவர். அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்தவரும் அவர்தான். 1969-இல் அவர் எழுதிய கட்டுரை நிறத்தையும் சூட்டையும் பற்றியது.

அவர் சொல்வது: இங்கே நிறத்துக்குள் சூடும் குளிர்ச்சியும் ஓடுகின்றன. சிவப்பு சூடு, வெள்ளை குளிர்ச்சி. சூடு இல்லாமல் உயிர் இல்லை, பிறப்பு இல்லை. ஆனால் சூடு கட்டுக்கு அடங்காமல் போனால் ஆபத்து. அதனால் சடங்கு சிவப்பைக் கொண்டுவந்து, அதைச் சுற்றி வெள்ளையை வைத்துத் தணித்துப் பத்திரப்படுத்துகிறது. இதைப் படித்தபின் நம் ஆலாத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது சட்டென்று சிவக்கும். மாரியம்மனுக்கு வேப்பிலை ஏன், கூழ் ஏன், தலையில் தண்ணீர் ஊற்றுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கோபக்காரச் சித்தப்பாவைப் பற்றிப் பேசினாலும் சூடு என்றுதான் பேசுவார்கள்.

அம்மாயியின் வெள்ளைச் சேலையை நான் அதற்குமுன் துக்கத்தின் நிறமாகத்தான் நினைத்திருந்தேன். பெக்கைப் படித்தபின் வேறு மாதிரி தெரிந்தது. தணிப்பதற்குச் சிவப்பே இல்லாத வெள்ளை அது. குங்குமம் எடுத்தாயிற்று, மஞ்சள் எடுத்தாயிற்று. இனி அந்த உடம்பில் சூடு இருக்கக் கூடாது என்று ஊர் எழுதி ஒட்டிய சீட்டு. இது பெக் சொன்னதல்ல, நான் அந்தச் சேலையைத் துவைத்துக் கொடியில் போடும்போது நினைத்தது. அதே வெள்ளைதான் பாலுக்கும். பால் மரத்துக்கும் அம்மாயிக்கும் ஒரே நிறம். ஒன்று பந்தல் நடுவில், இன்னொன்று பொடக்காலியில். பொருள் நிறத்தில் இல்லை, நிறம் எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

*

டர்னரோடு எனக்குச் சில மனத்தாங்கலும் உண்டு. அவருக்கு இவ்வளவு விளக்கம் கிடைத்ததற்கு முக்கியமான காரணம் முச்சோனா என்ற வைத்தியர். சிறிய உருவம், கூர்மையான அறிவு, ஊரில் அவருக்குக் குளவி என்று பட்டப்பெயர். தாய் அடிமையாக இருந்தவள். எந்த ஊரிலும் வேர் பிடிக்காமல் அலைந்தவர். பள்ளி ஆசிரியர் காஷினகாஜி நடுவில் இருந்து மொழியை விளக்க, மூன்று பேரும் பல மாதங்கள் மரம், வேர், நிறம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். முச்சோனாவைப் பற்றி டர்னர் தனியாகவே அன்போடு ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் படிக்கும்போது ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும்: இது இண்டெம்பு மக்களின் விளக்கமா, அவர்களுக்குள் வெளியாளாக நின்ற ஒரு மேதையின் விளக்கமா? ஓரத்தில் நிற்பவருக்குத்தான் நடுவில் நடப்பது தெளிவாகத் தெரியும் என்று நான் சமாதானம் செய்துகொள்வேன். எங்கள் வீட்டில் பால் கொம்புக்கு வாயிலிருந்து சரியான பதில் சொன்னவரும் பொடக்காலியில் இருந்தவர்தானே.

டான் ஸ்பெர்பர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரின் எதிர்ப்பு இதைவிட அடிப்படையானது. எத்தியோப்பியாவின் தென்பகுதியில் வாழும் டோர்சே மக்களிடம் அவர் போனபோது, ஒருவர் தலையில் பெரிய வெண்ணெய் உருண்டையை வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். ஏன் என்று கேட்டால், எங்கள் வழக்கம் என்பதற்கு மேல் பதில் கிடையாது. முச்சோனா மாதிரி யாரும் அங்கே இல்லை. 1974-இல் அவர் எழுதிய புத்தகம், குறியீடு என்பது அர்த்தத்தை ஒளித்துவைத்த சங்கேதம் அல்ல என்று வாதிடுகிறது. மனித மனம் ஏதோ ஒன்றைச் சாதாரணமாகப் புரிந்துகொள்ள முடியாமல் திணறும்போது நினைவுகளைத் துழாவத் தொடங்குகிறது, அந்தத் துழாவல்தான் குறியீடு. மக்கள் சொல்லும் விளக்கமும் இன்னொரு குறியீடே தவிர சாவி அல்ல என்கிறார். எனக்கு இது பாதிதான் சம்மதம். அருமைக்காரர் "அதான் முறை" என்றாரே, அதை நான் பதில் இல்லாத பதிலாக எடுத்துக்கொண்டது தவறு என்று ஸ்பெர்பர் எனக்குக் காட்டினார். ஆனால் வெறும் துழாவல்தான் என்றால், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஏன் அதே ஆள் பொடக்காலியில் இருக்கிறார்? துழாவல் அவ்வளவு ஒழுங்காக ஒரே கதவைப் போய்த் தட்டாது.

பெரிய திருப்பம் ஈடித்திடமிருந்து வந்தது. டர்னர் 1983-இல் காலமானார். இரண்டு வருடம் கழித்து ஈடித் மறுபடி சாம்பியா போனார். முன்பு டர்னர் ஆராய்ந்த இஹாம்பா என்ற நோய் தீர்க்கும் சடங்கில், இந்தமுறை ஓரமாக நிற்காமல் கலந்துகொண்டார். இறந்த வேட்டைக்காரனின் பல் நோயாளியின் உடம்புக்குள் புகுந்து கடிக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ஊருக்குள் புகைந்துகொண்டிருக்கும் மனஸ்தாபங்களை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லவைக்கும் ஏற்பாடு இது என்பது டர்னரின் பழைய விளக்கம். ஈடித், நோயாளியின் முதுகிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஓர் உருவம் வெளியேறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். அவர்கள் ஆவி என்று சொன்னால் அதைக் குறியீடு என்று மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பது நம்முடைய பிடிவாதம் என்றார். பல ஆய்வாளர்களுக்கு இது சங்கடமாக இருந்தது. அவர் பார்த்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் குறியீடு என்ற சொல்லையே கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

இண்டெம்பு மொழியில் இதற்கு உள்ள சொல் சிஜிகிஜிலு. வேட்டைக்காரன் பழகாத காட்டுக்குள் போகும்போது, திரும்பி வர வழி தெரிய வேண்டும் என்று மரங்களில் கோடாலியால் வெட்டிக்கொண்டே போவான். அந்த வெட்டுக்குப் பெயர்தான் அது. வெட்டுக்கு அகராதிப் பொருள் கிடையாது. பழகிய இடத்துக்கும் பழகாத இடத்துக்கும் நடுவில் அது நிற்கிறது. யாரோ இந்த வழியாகப் போயிருக்கிறார்கள், நீயும் போகலாம், திரும்பியும் வரலாம்.

*

தம்பியின் கல்யாணத்துக்கு அம்மாயி உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார். இந்தமுறை நான் முன்கூட்டியே தம்பியிடமும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடமும் பேசி வைத்திருந்தேன். இருவருக்கும் சம்மதம். முகூர்த்தக்கால் நடும் விடியற்காலையில் பொடக்காலிக்குப் போய் அம்மாயியின் கையைப் பிடித்தேன்.

"வா அம்மாயி, நீயும் பால் விடு."

கையை உருவிக்கொண்டார். கோபம் இல்லை, பதற்றம். "வேண்டாம் அம்முணி, புள்ளைங்களுக்கு ஆகாது. நீ போ, நேரமாகுது." நான் விடவில்லை. தம்பியும் வந்து கூப்பிட்டான். "நல்ல காரியத்துல பிடிவாதம் பண்ணாதீங்கடா" என்று அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் விட்டுவிட்டோம். அன்று முழுக்க என் படிப்பு எதற்கும் உதவாமல் என்னோடு சுற்றிக்கொண்டிருந்தது. டர்னர் எழுதிய இரண்டு முனையும் அந்தக் கையில் இருந்தன. அதை ஒரு மாலை நேரப் பேச்சில் அவிழ்த்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். பந்தலைப் பிரித்தாயிற்று. கொம்பை மட்டும் இன்னும் எடுக்கவில்லை, வெறும் வாசலில் தனியாக நின்றது. மஞ்சள் துணி சாயம் போயிருந்தது. மூன்றாம் நாள் காலை பல் விளக்க வெளியே வந்தபோது பார்த்தேன். அம்மாயி ஒரு சொம்புத் தண்ணீரோடு மெதுவாக நடந்து வந்து, குனிந்து, கொம்பின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஈரமாக இருந்த மண்ணைப் பார்த்தால் நேற்றும் ஊற்றியிருப்பார் போலிருந்தது.

"என்ன பண்றே அம்மாயி?"

நிமிர்ந்து பார்த்தார். "காயுதல்ல" என்றார். சொம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றிவிட்டு, விழுந்திருந்த மஞ்சள் துணியை எடுத்து மறுபடி கொம்பில் கட்டினார்.